ஆற்றுப்படையும் வரைபடமும்

வழி சொல்வதையே பொருளாகக் கொண்டு ஓர் இலக்கிய வகையை வளர்த்த மொழி நம்முடையது. பத்துப்பாட்டின் பத்து நூல்களில் ஐந்து ஆற்றுப்படைகள். பரிசில் பெற்று மீளும் பாணனோ கூத்தனோ எதிரே வறுமையோடு வரும் தன்னினத்தான் ஒருவனை நிறுத்தி, இன்ன வழியாகச் செல், இன்ன இடத்தில் இன்ன இடர் உண்டு, இன்னார் உணவு தந்து ஓம்புவர், இறுதியில் இன்ன வள்ளலின் வாயிலை அடைவாய் என்று சொல்வது இவற்றின் பொது அமைப்பு. பல்கலைக்கழக வகுப்புகளில் நாம் இவற்றைச் சொல்வளத்துக்காகவும் உவமைக்காகவும் புரவலர் புகழுக்காகவும் படித்தோம். வழிகாட்டும் நூல் என்ற முறையில் ஆற்றுப்படை எத்துணைச் செம்மையானது என்ற கேள்வி எங்கள் வகுப்பில் எழுந்ததாக நினைவில்லை.

எழுந்திருக்க வேண்டிய கேள்வி அது. மலைபடுகடாம் என வழங்கும் கூத்தராற்றுப்படையை எடுத்துக்கொள்வோம். நன்னனைக் காணச் செல்லும் கூத்தர் மலைவழியே நடக்க வேண்டியிருக்கிறது. பன்றிக்கு வைத்த பொறிகள் வழியில் உண்டு, ஆகவே இருளில் நடவாது விடிந்தபின் செல்லுங்கள் என்கிறான் வழிகாட்டுவோன். பாம்பு கரந்துறையும் இடங்கள், புனங்காவலர் யானையை விரட்ட எறியும் கவண்கற்கள், வழுக்கும் பாறைகள் என ஒவ்வோர் இடரும் அது இருக்கும் இடத்தோடும் நேரும் பொழுதோடும் சேர்த்தே சொல்லப்படுகிறது. எல்லாவற்றிலும் மேலாக ஒரு செய்தி: வழிகள் கலந்து மயக்கந்தரும் இடங்களில், பின்னால் வருவோருக்கு அடையாளமாகப் புல்லை முடிந்துவிட்டுச் செல்லும்படி அவன் கூறுகிறான். வழி கேட்டவனே வழி சொல்பவனாகவும் ஆகவேண்டும் என்ற எண்ணம் அதில் இருக்கிறது. இதைவிடச் சிறந்த பொதுவுடைமை எண்ணம் ஒன்றைச் சங்கச் செய்யுளில் நான் கண்டதில்லை.

இன்று கைத்தொலைபேசியினுள் குடிகொண்டுவிட்ட மின்வரைபடமும் ஓர் ஆற்றுப்படைதான். கூகிள் நிறுவனம் தன் வரைபடத்தை 2005இல் வெளியிட்டது. அதற்கு ஓராண்டு முன்னரே, 2004இல், ஸ்டீவ் கோஸ்ட் என்பார் இங்கிலாந்தில் 'ஓப்பன் ஸ்ட்ரீட் மப்' என்ற பொதுவரைபட முயற்சியைத் தொடங்கியிருந்தார். அந்நாட்டு அரசின் நிலவளவைத் தரவுகள் கட்டுப்பாடின்றிப் பொதுமக்களுக்குக் கிட்டாதிருந்த நிலையில், மக்களே தம் வீதிகளை அளந்து வரைந்து அனைவர்க்கும் உரியதாக ஆக்குவது என்பது அதன் கொள்கை. இவற்றைத் தொழில்நுட்ப வல்லுநர் பிழையின் எண்ணிக்கையாலும் மீற்றர்க் கணக்காலும் மதிப்பிடுகின்றனர். அது வேண்டியதே. ஆயின் இலக்கியம் கற்றவர் எந்த நூலை நோக்கியும் கேட்கும் கேள்விகள் சில உள: சொல்பவன் யார்? கேட்பவன் யார்? எது சொல்லப்படாமல் விடப்பட்டது? வழி முடியும் வாயில் யாருடைய வாயில்? வரைபடத்தின் துல்லியம் பற்றிய விவாதத்தில் இக்கேள்விகளுக்கும் இடம் வேண்டும். வேறெங்கும் செல்லாது எம்மூரை வைத்தே கேட்டுப் பார்க்கலாம்.

செட்டிபாளையம் மட்டக்களப்பு நகருக்குத் தெற்கே, கடலுக்கும் வாவிக்கும் இடையில் ஒடுங்கிக் கிடக்கும் நிலத்தில், கல்முனைப் பெருவீதியின் இருமருங்கும் அமைந்த கிராமம். வடக்கே குருக்கள்மடம், தெற்கே மாங்காடு, தேற்றாத்தீவு, களுதாவளை, களுவாஞ்சிகுடி என ஊர்கள் தொடர்கின்றன. வாவிக்குக் கிழக்கே, ஞாயிறு எழும் பக்கத்திலுள்ள எங்கள் கரை எழுவான்கரை. மேற்கே, ஞாயிறு படும் பக்கத்தில் இருப்பது படுவான்கரை. படுவான்கரையின் நெல்லும் தயிரும் இக்கரைக்கு வருகின்றன. இக்கரையின் ஆசிரியரும் உத்தியோகத்தரும் அக்கரைக்குச் செல்கின்றனர். வைத்தியசாலை, வங்கி, காரியாலயம், உயர்தர வகுப்பு என்று படுவான்கரையார் எழுவான்கரையை நாடவேண்டிய நிலை தலைமுறைகளாக நீடிக்கிறது. ஓர் உழைப்புப் பிரிவினையும் ஒரு வரலாற்று ஏற்றத்தாழ்வும் இவ்விரு சொற்களில் அடங்கியுள்ளன. ஆனால் இவை நிர்வாகப் பிரிவின் பெயர்களல்ல, வீதிப் பெயர்களுமல்ல. ஆகையால் வரைபடம் கேட்கும் அட்டவணைக் கட்டங்களில் இவற்றுக்கு எளிதில் இடம் கிடைப்பதில்லை. வரைபடத்தில் வாவி ஒரு நீண்ட நீலத் தழும்பு. அதன் இருமருங்கும் உள்ளோர் ஒருவரோடொருவர் வாழ்ந்த முறை அங்கு இல்லை.

அதைவிடப் பெரிய சிக்கல் ஒரு சொல்லில் இருக்கிறது. அயலூர்த் தமிழருக்குப் பாதை என்பது நிலத்தில் கிடப்பது. மட்டக்களப்பில் பாதை நீரில் மிதக்கவும் செய்யும். மனிதரையும் சைக்கிளையும் மோட்டார் சைக்கிளையும் ஏற்றி வாவியைக் கடக்கும் தட்டையான பெருமிதவைக்குப் பாதை என்று பெயர். பத்திரிகைகள் விளக்கத்துக்காகப் 'படகுப் பாதை' என்று எழுதும். மண்முனைத் துறையில் 2014இல் பாலம் திறக்கப்படும்வரை மக்கள் நம்பியிருந்தது பாதையைத்தான். குருக்கள்மடத்துக்கும் அம்பிளாந்துறைக்கும் இடையிலும், குருமண்வெளிக்கும் மண்டூருக்கும் இடையிலும் நெடுங்காலம் மனிதரை இணைத்து வந்ததும் பாதையே.

வரைபடம் வழி கணிக்கும் முறையைச் சற்று விளங்கிக்கொள்ள வேண்டும். கணினிக்கு வீதி என்பது முடிச்சுகளுக்கு இடையிலான கோடு. இரண்டு கோடுகள் ஒரே முடிச்சைப் பகிர்ந்துகொண்டால் மட்டுமே ஒன்றிலிருந்து மற்றதற்குப் போகலாம் என்பது அதன் அறிவு. வரைந்தவர் கை தவறி ஒரு மீற்றர் இடைவெளி விட்டிருந்தால், மனிதக் கண்ணுக்குத் தொட்டுக்கொண்டிருக்கும் ஒழுங்கையும் வீதியும் கணினிக்குத் தொடர்பற்ற இரு உலகங்கள். துறைகளிலும் இதே விதிதான். பாதைக்கு ஒரு கோடு வரையப்படாவிட்டால், அம்பிளாந்துறையிலிருந்து குருக்கள்மடம் செல்ல விரும்புபவரை வரைபடம் வடக்கே மண்முனைப் பாலத்துக்கோ தெற்கே பட்டிருப்புப் பாலத்துக்கோ திருப்பிச் சுற்றவிடும். எதிர்க்கரைத் தென்னைகள் கண்முன்னே தெரியும், வழி மட்டும் பல கிலோமீற்றர் நீளும். மாறாக, இரவும் பகலும் ஓடும் வீதிபோல அதை வரைந்துவிட்டாலோ, நள்ளிரவில் நோயாளியோடு வருபவரை ஆளற்ற துறையில் கொண்டுவந்து நிறுத்தும். 2016இல் தொடங்கிப் பின்னர் நாடெங்கும் விரிந்த 1990 அவசர அம்புலன்ஸ் சேவையின் சாரதி வேற்றூரவராக இருக்கலாம். வீட்டிலக்கம் ஒழுங்காக இல்லாத ஒழுங்கையொன்றைத் தேடி அவர் அலையும் ஒவ்வொரு நிமிடமும் யாரோ ஒருவருடைய மூச்சு. வரைபடத் துல்லியம் பற்றிப் பேசும்போது நான் முதலில் நினைப்பது இதைத்தான்.

வியப்பு என்னவெனில், பொதுவரைபடத்தின் தரவமைப்பில் இதற்கெல்லாம் இடம் உண்டு. படகுவழிக்குத் தனி அடையாளம் உண்டு. அது இயங்கும் நேரத்தையும், கடக்க எடுக்கும் நிமிடங்களையும், எந்த ஊர்தியை ஏற்றும் என்பதையும் பதியலாம். கருவியிற் குறைவில்லை. பாதையில் ஏறிப் போகிறவனுக்கும் வரைபடத்தை எழுதுகிறவனுக்கும் இடையில்தான் பாலமில்லை.

வானத்திலிருந்து பார்த்து வரைவதால் வரும் குறை ஒன்றையும் சொல்ல வேண்டும். இன்றைய வரைபடங்களின் பெரும்பகுதி செய்மதிப் படத்தின் மேல் கோடிழுத்து ஆனது. அப்படம் சில மீற்றர் விலகியிருப்பது உண்டு. மூன்று மீற்றர் அகல ஒழுங்கை அவ்விலகலில் அயலவன் வளவுக்குள் போய்விடும். நேரில் நடந்து பெற்ற கருவித் தடத்தோடு ஒப்பிட்டால் இதைத் திருத்திவிடலாம். திருத்தக் கடினமான விலகல் காலத்தைப் பற்றியது. முகில் மறைக்காத படத்தையே வரைவோர் தேர்ந்தெடுப்பர். எங்கள் பகுதியில் முகிலில்லாத நாள் பெரும்பாலும் கோடை நாள். ஆக, வரைபடத்தில் நாம் காண்பது ஆண்டு முழுவதற்குமான மட்டக்களப்பு அன்று, வெயில்கால மட்டக்களப்பு. வடகீழ்ப் பருவமழையில் வாவி கரைமீறும். படுவான்கரையின் தாழ்ந்த வீதிகளுக்கு மேலாக நீர் பாயும். 2011 தொடக்கத்தின் பெருவெள்ளத்தைக் கண்ட எவருக்கும் இது விளக்கவேண்டியதன்று. முகத்துவாரமும் அப்படியே. மணல் மூடிக் கிடப்பதும், வெள்ளம் ஏறும்போது வெட்டித் திறக்கப்படுவதும் அதன் இயல்பு. வரைபடம் அதை என்றைக்குமாகத் திறந்தோ என்றைக்குமாக மூடியோ வைத்திருக்கிறது. வட்டை என்று நாம் சொல்லும் வயற்பரப்புகளின் நிலை இன்னும் மோசம். ஒவ்வொரு வட்டைக்கும் பெயருண்டு, வாய்க்கால் உண்டு, வரம்புவழி உண்டு, வாடி உண்டு. வானத்துக் கண்ணுக்கு அது ஒரு பச்சைவெளி. வரம்பை வீதியென்று மயங்கி இயந்திரம் கோடிழுப்பதும் நடக்கக்கூடியதே. அண்மைக்காலத்தில் செய்மதிப் படத்திலிருந்து வீதிகளைத் தானே கண்டறியும் பொறிகளைப் பெருநிறுவனங்கள் ஏவிவருகின்றன.

பெயர்களைப் பற்றித் தமிழாசிரியன் பேசாது விடலாகாது. செட்டிபாளையம் என்று தேடினால் கோயம்புத்தூர்ச் செட்டிபாளையம் முந்திக்கொண்டு வந்து நிற்பதை எம்மூரார் பலமுறை கண்டிருக்கிறோம். அது பெரிய ஊர், நாம் சிறிய ஊர்; அதில் வருத்தமில்லை. வருத்தம், நம் பெயர்கள் ஆங்கில எழுத்துக்குப் போய்த் திரும்பி வருவதில்தான். ஆங்கிலத்தில் லகரமும் ளகரமும் ழகரமும் ஒன்று. னகரமும் ணகரமும் ஒன்று. டகரத்துக்கு ஒருவர் ஓரெழுத்தையும் மற்றொருவர் வேறோர் எழுத்தையும் இடுவர். அந்த ஆங்கில வடிவத்தைப் பொறி மீண்டும் தமிழாக்கினால் களுவாஞ்சிகுடி 'கலுவாஞ்சிகுடி' ஆகலாம், களுதாவளை 'கலுதாவலை' ஆகலாம். இதற்கு மாற்று, தமிழ்ப் பெயரைத் தமிழிலேயே எழுதிவைப்பது. பொதுவரைபடத்தில் ஒரே இடத்துக்குத் தமிழ், சிங்களம், ஆங்கிலம் என மொழிதோறும் தனித்தனிப் பெயர்க்கட்டம் உண்டு. மக்கள் தேத்தாத்தீவு என்பர், ஏட்டில் தேற்றாத்தீவு என்போம். இரண்டையும் பதிய அங்கு வழியுண்டு, எது சரி என்று சண்டையிட வேண்டியதில்லை. எப். எக்ஸ். சி. நடராசா பதிப்பித்த 'மட்டக்களப்பு மான்மியம்' 1962இலும், வி. சி. கந்தையாவின் 'மட்டக்களப்புத் தமிழகம்' 1964இலும் வந்தன. இடப்பெயர் ஆய்வுக்கு அவற்றை எடுத்தாளும் நம் மாணவர், அதே பெயர்களை வரைபடத்தில் ஏற்றுவதையும் ஆய்வின் பகுதியாகக் கொள்ளலாமே.

'ஏதோ எழுத்துப் பிழைகள். இதற்கு இத்தனை வாதமா?' என்று கேட்கும் நண்பர்கள் வரைபடத்தின் வரலாற்றை ஒருகணம் எண்ணிப்பார்க்க வேண்டும். இலங்கையின் நிலவளவைத் திணைக்களம் 1800இல் அமைந்தது. அரசாட்சிக்கும் வரிக்கும் நிலவுரிமைக்கும் அளவை வேண்டியிருந்தது. 1840ஆம் ஆண்டின் முடிக்குரிய நிலங்கள் பற்றிய சட்டம், உரிமை நிறுவப்படாத தரிசையும் காட்டையும் முடியின் சொத்தெனக் கொண்டபோது, ஏட்டிலும் படத்திலும் இடம்பெறாதிருந்த குடியானவனின் பரம்பரை அனுபவம் செல்லாக்காசாயிற்று. தொலைவில் போக வேண்டாம். 2004 டிசம்பர் 26இன் கடற்கோளுக்குப் பின், கடற்கரையிலிருந்து இத்தனை மீற்றருக்குள் வீடு கட்டலாகாது என்று ஓர் எல்லை விதிக்கப்பட்டது. தெற்கிலும் மேற்கிலும் 100 மீற்றர். வடக்கிலும் கிழக்கிலும் 200 மீற்றர். கடலுக்கும் வாவிக்கும் இடையே ஒடுங்கிய நிலத்தில் 200 மீற்றர் என்பது என்ன என்று கோட்டை இழுத்தவர் அறிந்திருப்பாரோ என்னவோ, கரைவலைத் தொழிலாளி அறிந்திருந்தான். உல்லாச விடுதிகளுக்குக் காட்டப்பட்ட விலக்கு அக்காலத்திலேயே கண்டனத்துக்குள்ளாயிற்று. 2005இன் இறுதியில் எல்லை தளர்த்தப்பட்டது. அதற்குள் எத்தனையோ குடும்பங்கள் கூடாரத்தில் ஓராண்டைக் கழித்திருந்தன. படத்தில் ஒரு கோடு, மண்ணில் ஒரு மனிதனின் வாசற்படி. வரைபடம் அப்பாவிப் பொருளன்று.

இனி, நிறத்துக்கும் வடிவுக்கும் வருவோம். வரைபடத்தின் அழகு எதனை எடுப்பாகக் காட்டுகிறது, எதனை மங்கவிடுகிறது என்பதும் விமரிசனத்துக்குரியது. 2016இல் கூகிள் தன் வரைபடத்தின் தோற்றத்தைச் சீரமைத்தபோது, கடைகளும் உணவகங்களும் செறிந்த பகுதிகளை இளஞ்செம்மஞ்சள் நிறத்தில் துலக்கிக் காட்டத் தொடங்கியது. அவற்றுக்கு 'ஆர்வத்துக்குரிய பகுதிகள்' என்று பெயர். யாருடைய ஆர்வம் என்று கேட்கத் தோன்றுகிறதல்லவா? பணம் கைமாறும் இடமே ஆர்வத்துக்குரிய இடம் என்றால், வைத்தியம் பார்க்கும் பரியாரியார் வீடும், கரைவலை இழுக்கும் துறையும், வெள்ளத்தில் ஊரார் ஏறித் தங்கும் மேட்டுநிலமும் சாம்பல் நிறத்திலேயே கிடக்க வேண்டியவைதாம். ஆற்றுப்படையும் முடிவில் புரவலனின் வாயிலுக்குத்தான் கொண்டுபோய் விட்டது என்பதை நாம் மறைக்க வேண்டியதில்லை. நன்னனைப் பாடாமல் மலைவழியைப் பாட அன்று இயலவில்லை. விளம்பரதாரனைப் பாடாமல் வீதியைக் காட்ட இன்றைய நிறுவனத்துக்கும் இயலவில்லை. ஆயினும் ஒரு வேறுபாடு உண்டு. ஆற்றுப்படைக் கவிஞன் நடப்பவனின் பசியை அறிந்திருந்தான்.

நிறுவன வரைபடத்தைத் திருத்தும் உழைப்பும் நம்முடையதே. மூடிய கடையையும் தவறிய வீதியையும் அறிவிப்போர் கூலியின்றி உழைக்கின்றனர். உழைப்பின் பயன் நிறுவனத்தின் உடைமையாகிறது. பொதுவரைபடத்தில் அப்படியன்று. அதன் உரிமப்படி எவரும் தரவை எடுத்தாளலாம். மூலத்தைக் குறிப்பிட வேண்டும், அத்தரவைத் திருத்திப் பெருக்கிப் பொதுவில் வழங்கினால் அதையும் அதே முறையில் எல்லோர்க்கும் திறந்துவைக்க வேண்டும். 2010 ஜனவரியில் ஹெயிற்றியில் நிலநடுக்கம் நேர்ந்தபோது, தலைநகரின் ஒழுங்கான வரைபடம் இல்லாதிருந்த நிலையில், உலகெங்கும் இருந்த தொண்டர்கள் செய்மதிப் படங்களிலிருந்து வீதிகளை வரைந்தளித்தனர். மீட்புப் பணியாளர் அதைக் கொண்டு நடந்தனர். கூட்டுழைப்பின் வலிமைக்கு இது சான்று. ஆனால் இதிலும் மயங்கிவிடலாகாது. அமேசன், மெட்டா, மைக்ரோசொப்ட், டொம்டொம் ஆகிய நிறுவனங்கள் 2022 டிசம்பரில் கூடித் தொடங்கிய வரைபட அமைப்பு பொதுவரைபடத்தின் தரவையும் எடுத்தாள்கிறது. பொதுக்கிணற்றில் எவரும் அள்ளலாம் என்பது சரி. பெரிய வாளி யார் கையில் இருக்கிறது என்பதையும் பார்த்துக்கொள்ள வேண்டும்.

நம் மாவட்டத்துக்கும் இதில் ஒரு வரலாறு உண்டு, பலர் அறியாதது. 2012 நவம்பரளவில் இடர் முகாமைத்துவ நிலையமும் உலக வங்கியின் துணையுடனான திட்டமொன்றும் சேர்ந்து மட்டக்களப்பு நகரை உள்ளடக்கிய மண்முனை வடக்குப் பிரதேச செயலாளர் பிரிவைப் பொதுவரைபடத்தில் வரைந்தன. 30,000க்கும் மேற்பட்ட கட்டடங்கள், அவற்றின் மாடிகள், சுவரும் கூரையும் என்ன பொருளால் ஆனவை என்ற விவரங்களோடு பதியப்பட்டன. அடுத்த வெள்ளத்தில் எந்த வீடு முதலில் சாயும் என்று அறிய இது வேண்டும். பாராட்டத்தக்க வேலை. ஆனால் அது மண்முனை வடக்கின் எல்லையோடு நின்றது. செட்டிபாளையம் உள்ள மண்முனை தென் எருவில் பற்றுக்கு அத்திட்டம் வரவில்லை. வாவியின் அக்கரைக்கும் வரவில்லை. திட்டத்துக்கு எல்லையுண்டு, நிதிக்கு முடிவுத் தேதியுண்டு. வெள்ளத்துக்கு இரண்டும் இல்லை. வெளியிலிருந்து வரும் திட்டம் வரைபடத்தைத் தொடக்கிவைக்கலாம். அதைப் பேணுவது அங்கு வாழ்பவர்களால்தான் ஆகும்.

அங்கு வாழ்பவர் என்றால் யார்? பொதுவரைபடத்துக்குப் பங்களிப்போரில் மிகப் பெரும்பான்மையோர் ஆண்கள் என்பதை ஆய்வுகள் மீண்டும் மீண்டும் காட்டியுள்ளன. இது எங்கே வந்து முட்டும் என்பதை வகுப்பறையில் ஒரு சிறு பயிற்சியால் நான் கண்டேன். வீட்டிலிருந்து பாடசாலைக்கு வரும் வழியை வரையும்படி பத்தாந்தர மாணவரைக் கேட்டேன். பையன்கள் பெரும்பாலும் குறுக்கு வழியை வரைந்தனர். பெண்பிள்ளைகள் பலர் சுற்றுவழியை வரைந்தனர். இந்த ஒழுங்கையில் விளக்கில்லை, அந்த மூலையில் ஆட்கள் நிற்பர், இந்த வீட்டில் நாய், அந்த வீட்டில் எப்போதும் ஓர் அம்மா திண்ணையில் இருப்பார் என்று அவர்கள் வரைபடத்தில் குறிப்புகள் இருந்தன. மலைபடுகடாத்தின் வழிகாட்டி சொன்னதற்கும் இதற்கும் என்ன வேற்றுமை? கணினி கணிக்கும் மிகக் குறுகிய வழி அப்பிள்ளைகளுக்கு வழியே அன்று. வீதி விளக்கு உண்டா இல்லையா என்று பதிய வரைபடத்தில் கட்டம் உண்டு. திண்ணையில் இருக்கும் அம்மாவுக்குக் கட்டம் இல்லை, இருக்கவும் வேண்டாம். தனித்து வாழும் பெண்ணின் வீட்டையும், ஒருவரின் அன்றாட நடமாட்டத்தையும் உலகறிய எழுதிவைப்பது துல்லியமன்று, தீங்கு. போர் நடந்த மண்ணில் யார் எங்கே இருக்கிறார் என்ற தகவல் எதற்கெல்லாம் பயன்பட்டது என்பதை நாம் மறந்திருக்க மாட்டோம். எதை வரைவது என்பதோடு எதை வரையாது விடுவது என்பதையும் மாணவரோடு பேசித்தான் தீர்மானிக்க வேண்டும்.

ஆசிரிய நண்பர்களிடம் ஒரு வேண்டுகோள் உண்டு. புவியியற் பாடத்தில் இடவிளக்கப் படத்தை வாசிக்கக் கற்பிக்கிறோம். மனனம் செய்வித்துப் பரீட்சைக்கு அனுப்புகிறோம். அதே மாணவரைக் கொண்டு ஊரின் ஒழுங்கைகளை நடந்து, பெயர்களை மூத்தோரிடம் கேட்டு, தமிழில் எழுதிப் பொதுவரைபடத்தில் ஏற்றுவிக்க ஒரு தவணை போதும். கருவி ஒரு கைத்தொலைபேசி. மேலும் ஓர் அச்சிட்ட தாளும் பென்சிலும். தமிழ்ப் பாடமும் புவியியலும் சமூகக் கல்வியும் ஒரே வேலையில் சேர்கின்றன. எழுவான்கரைப் பாடசாலையொன்றும் படுவான்கரைப் பாடசாலையொன்றும் சேர்ந்து செய்தால் இன்னும் நன்று. துறையின் இருபக்கமும் ஒரே கோட்டின் இரு முனைகளாகச் சரிவரப் பொருந்தவேண்டுமே. ஐப்பசி பிறக்குமுன் செய்யத்தக்கது, எந்த வீதியில் எந்த இடத்தில் வெள்ளம் முதலில் ஏறுகிறது, எந்தக் கட்டடம் மேட்டில் நிற்கிறது, பாதை எத்தனை மணிக்கு நிறுத்தப்படுகிறது என்ற மூன்றையும் குறித்துவிடுவது. இம்மூன்றையும் அறிந்தவர்கள் வட்டை விதானையும், ஊர்க் கிழவிகளும், பாதையில் வேலைசெய்யும் தொழிலாளரும். அவர்களைத் தேடிப் போகத்தான் வேண்டும்.